தன்னார்வலர் மறுமுறை வருவது எதனால்? ஆமைக் கரையிலிருந்து சில குறிப்புகள்

கேள்வி | 4 ஜனவரி 2025, காலை

எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக மாலைநேரப் படிப்பகம் ஒன்றை நடத்துகிறோம். சென்ற ஜூனில் 23 பேர் தன்னார்வலராகச் சேர்ந்தார்கள். தீபாவளிக்குள் 4 பேர்தான் மிஞ்சினார்கள். சான்றிதழ் கொடுத்தோம், பனியன் அச்சடித்துக் கொடுத்தோம், ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பொன்னாடையும் போர்த்தினோம். இதற்கு மேல் என்ன செய்தால் அவர்கள் மகிழ்ந்து வருவார்கள்? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

4 ஜனவரி 2025, இரவு 10.15

பொன்னாடைக்காக எவரும் மறுமுறை வருவதில்லை என்பது என் துணிபு. சான்றிதழும் பனியனும் அப்படியே. தாம் செய்த வேலை பிறகு என்ன ஆயிற்று என்பது தெரிந்தால் வந்தவர் மீண்டும் வருவார். தெரியாவிட்டால் ஓரிரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நின்றுவிடுவார். இதை எங்கே கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினோர் ஆண்டுகளாக, ஜனவரி முதல் ஏப்ரல் வரை, வாரத்தில் ஓரிரவாவது சென்னைக்குத் தெற்கேயுள்ள கடற்கரையில் ஆமை முட்டை தேடி நடந்து வருகிறேன். பங்குனி ஆமை என்று நம் கரையோர மக்கள் அழைக்கும் சிறிய கடலாமை முட்டையிடக் கரையேறும் காலம் இது. சென்னையில் இந்த நடை 1970களிலேயே தொடங்கிவிட்டது. 1988 முதல் மாணவர்கள் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டு, நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையிலான ஏறத்தாழ 7 கிலோமீட்டர் கரையை ஆண்டுதோறும் நடந்து வருகிறார்கள். நான் இருப்பது அவர்களுக்கும் தெற்கே, வனத்துறையின் அனுமதியோடு நடக்கும் ஒரு சிறு குழுவில்.

முதல் இரவு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பதினொன்றரை மணிக்குத் தொடங்கி விடியற்காலை நான்கரை மணிவரை, டார்ச் அடிக்காமல், கால் புதையும் மணலில் நடந்தோம். ஓர் ஆமைத் தடம்கூடக் கண்ணில் படவில்லை. கெண்டைக்கால் வலியோடு வீடு திரும்பியபோது, இனி இந்த வேலை நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். புதன்கிழமை மாலை எங்களை வழிநடத்திய பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் ஓய்வுபெற்ற மீனவர். "தம்பி, நீங்கள் வந்துபோன மறுநாள் இரவு, நாம் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோமே ஒரு கவிழ்த்த படகு, அதன் அருகிலேயே ஓர் ஆமை ஏறியிருக்கிறது. 104 முட்டை. சனிக்கிழமை வருகிறீர்களா?" என்றார்.

அந்த அழைப்பில் நன்றி என்ற சொல்லே இல்லை. ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருந்தது அவருக்கு நினைவிருந்தது; நான் இல்லாதபோது அந்தக் கரையில் நடந்தது எனக்கும் உரிய செய்தி என்று அவர் நினைத்தார். சனிக்கிழமை போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

5 ஜனவரி 2025, காலை 7.30

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், இரவெல்லாம் நடப்பதில் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். வேலை இன்னது என்று தெரிந்தால்தான் அதற்கு விடை கிடைக்கும்.

ஆமை ஏறிய தடம் ஈரமணலில் டயர் உருண்ட அச்சைப் போலத் தெரியும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மணல் கலைந்து கிடக்கும். ஆமை குழியை மூடி, தன் உடலால் தட்டிச் சமன் செய்துவிட்டுத்தான் போகும். ஆகையால் குழி வாய் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மெல்லிய கோல் ஒன்றை மணலில் பதமாக ஊன்றி ஊன்றிப் பார்ப்போம். இறுகிய மணலில் கோல் தயங்கும். குழி வாயில் மட்டும் தடையின்றி இறங்கும். அந்த வேறுபாட்டைக் கையால்தான் அறிய வேண்டும். வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. கொஞ்சம் அழுத்தினாலும் முட்டை உடைந்துவிடும்.

பிறகு கையாலேயே தோண்டுவோம். ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில், கழுத்துக் குறுகி அடி அகன்ற குடுவை வடிவில் குழி இருக்கும். உள்ளே நூற்றுக்கு முன்பின்னாக, பிங்பாங் பந்து போன்ற வெள்ளை முட்டைகள் கிடக்கும். ஒவ்வொன்றையும் எண்ணி, உருட்டாமல் குலுக்காமல் துணிப்பையில் வைத்து, அன்றிரவே பொரிப்பகத்துக்கு, அதாவது குஞ்சு பொரியும்வரை முட்டைகளை மணலில் புதைத்துக் காக்கும் வேலியிட்ட இடத்துக்கு, கொண்டுபோக வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டத் தொடங்கிவிடும். அதற்குப் பின் முட்டையைப் புரட்டினால் கரு பிழைக்காது. பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி தோண்டி இறக்கி, குழியின் எண்ணும் தேதியும் முட்டைக் கணக்கும் எழுதிய பலகையை நட வேண்டும். சுமார் 45 முதல் 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும்.

இவ்வளவும் ஒருவரால் ஆகாது. தடம் பார்க்க ஒருவர், கோல் ஊன்ற ஒருவர், தோண்ட ஒருவர், எண்ண ஒருவர், எழுத ஒருவர் என்று வேலை தானாகப் பிரிந்துகொள்ளும். வங்கி ஊழியரும் ஆட்டோ ஓட்டுநரும் பிளஸ் டூ முடித்த பிள்ளையும் ஒரே குழியைச் சுற்றி மண்டியிட்டிருப்பார்கள். எவருடைய கை இல்லாவிட்டாலும் அந்த இரவு வேலை முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மகிழ்ச்சி எங்கே என்று கேட்டவருக்கு என் விடை அதுதான்.

படிப்பகம் நடத்துபவரிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். உங்களிடம் சேர்ந்த 23 பேரில் எத்தனை பேருக்குத் தமக்கென்று ஒரு வேலை இருந்தது? எத்தனை பேர் சும்மா நின்றுவிட்டு வீடு திரும்பினார்கள்?

9 ஜனவரி 2025

செலவைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: எங்கள் குழுவில் யாருக்கும் ஊதியம் இல்லை. ஆனால் நடை முடியும் இடத்தில் சூடான டீ இருக்கும். பேருந்து ஓடாத அந்நேரத்தில் ஒவ்வொருவரும் எப்படி வீடு போகிறார்கள் என்பதை உறுதி செய்யாமல் பொறுப்பாளர் கிளம்ப மாட்டார். பெண்கள் வரும் இரவில், வழியில் எந்த வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்று குப்பத்தில் முன்கூட்டியே பேசி வைத்திருப்போம். இதைச் செய்யத் தொடங்கிய ஆண்டிலிருந்துதான் பெண்கள் தொடர்ந்து வருகிறார்கள். அதற்கு முன்பு, அவர்களுக்கு ஆர்வம் குறைவு என்று நாங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

18 ஜனவரி 2025, இரவு 11.50

இந்த வாரம் எழுத மனம் வரவில்லை. செய்தித்தாள் படிப்பவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கும். சென்னையிலும் அதற்குத் தெற்கேயும் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கிக்கொண்டிருக்கின்றன. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடக்கின்றன. ஆமைக்கு நம்மைப் போல நுரையீரல்தான். அவ்வப்போது நீர்மட்டத்துக்கு வந்து மூச்சு வாங்க வேண்டும். இழுவை வலையில் மாட்டி நெடுநேரம் நீருக்குள்ளேயே இழுபட்டால் மூச்சடைத்துப்போகும். முட்டையிட வரும் ஆமைகள் கரையை ஒட்டித்தான் திரளும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருப்பதும் நமக்குத் தெரியும்.

நேற்றிரவு எங்களோடு நடந்த 9 பேரில் 5 பேர் புதியவர்கள். அவர்கள் முட்டை தேட வந்தவர்கள். நாங்கள் கண்டதெல்லாம் பிணங்கள். ஒரே இரவில் 14. ஒரு பெண் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அவளை எப்படித் தேற்றுவதென்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் பெரியவர் அருகில் போய் ஒரு சுண்ணாம்பு டப்பாவையும் தூரிகையையும் அவள் கையில் கொடுத்தார். ஒரே ஆமையை நாளை இன்னொருவர் மறுபடி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக ஓட்டில் குறியிட வேண்டும். "நீ குறி போடு, நான் அளக்கிறேன், தம்பி எழுதட்டும்" என்றார். அவள் எழுந்தாள். 14 ஓட்டிலும் அவள்தான் குறியிட்டாள். விடியும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்று பகலில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அந்தக் கணக்கை யாரிடம் கொடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தாள். வனத்துறைக்கு அனுப்பியதையும், வடக்கேயும் தெற்கேயும் நடப்பவர்களின் கணக்கோடு அது சேரும் என்பதையும் சொன்னேன். அடுத்த வாரமும் வருவதாக எழுதினாள்.

மகிழ்ச்சியைப் பற்றித் தொடங்கிய இழையில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். இரவு நடையை இன்பமான பொழுதுபோக்காக மட்டும் எழுதினால் அது முழு உண்மையாகாது. மனம் உடையும் நாளிலும் கைக்கு ஒரு வேலை இருந்ததாலும், அந்த வேலை ஓரிடத்தில் போய்ச் சேரும் என்பது தெரிந்ததாலும் அவள் திரும்பி வருகிறாள்.

19 ஜனவரி 2025

சான்றிதழைப் பற்றி ஜனவரி 4ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். நேற்று எழுதிய பெண்ணே அதற்குக் காரணம். அவள் கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருக்கிறாள். ஆண்டுக்கு 120 மணி நேரம் என்ற கணக்கில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணியைக் காட்டினால்தான் அவளுக்கு அந்தத் திட்டத்தின் சான்று கிடைக்கும். இரவு நடையை அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளக் கடிதம் ஒன்று தர முடியுமா என்று மிகுந்த கூச்சத்தோடு கேட்டாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். இரவில் வெளியே போவதற்கு வீட்டில் காட்டவும் அந்தக் கடிதம் தேவைப்படுகிறது.

எனக்கு வேலையும் வீடும் இருக்கின்றன; காகிதம் வேண்டாம் என்று சொல்வது எனக்கு எளிது. அதையே எல்லோருக்கும் பொதுவாக எழுதியது தவறு. காகிதம் தேவைப்படுபவர் அதைக் கெஞ்சிக் கேட்கும்படி விடக் கூடாது. உரிய நாளில், சரியான பெயரோடு, அவர் செய்த வேலை இன்னதென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் குழுவில் இதுவரை "சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற ஒரே வரியைத்தான் எல்லோருக்கும் அச்சடித்து வந்தோம். இந்தக் கடிதத்தில், இன்ன இரவுகளில் இவ்வளவு தொலைவு நடந்து, இறந்த 14 ஆமைகளைக் குறியிட்டுப் பதிவு செய்ய உதவினார் என்று எழுதினேன். அவள் அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாளாம்.

பொன்னாடையைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

27 ஜனவரி 2025

இறந்த ஆமைகள் குறித்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டுள்ளது. அந்தச் செய்தியைக் குழுவில் பகிர்ந்தபோது, ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு எங்களோடு நடந்துவிட்டு வெளியூர் போனவர்கள்கூட எழுதினார்கள். தனித்தனியே எண்ணியவர்களின் கணக்குகள் சேர்ந்து ஒரு கேள்வியாக எழுந்து நிற்பதைப் பார்க்கையில் உண்டாகும் நிறைவு சாதாரணமானதல்ல.

ஆமைகளை விட்டு வேறு வேலைகளிலும் இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை, பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதுவது. அவர் சொல்வார், நான் எழுத வேண்டும். ஒரு சொல்லைக்கூட நானாகச் சேர்க்கக் கூடாது. மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு என்பதால் மூன்று மணித் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கும். விரல் மரத்துப்போகும்.

ஒரு கல்லூரியில் எங்களைப் போன்றவர்கள் எட்டு பேரை வெயிலில் முக்கால் மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே போன பிறகும் எனக்கு நாற்காலி தர யாருக்கும் தோன்றவில்லை; மாணவரே தம் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். அன்று மனம் கசந்து, இனி வர வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு மாதம் கழித்து அந்த மாணவர் அழைத்தார். வரலாற்றுத் தாளில் 71 வாங்கியிருந்தார். "நான்காம் கேள்விக்கு நான் நெடுநேரம் யோசித்தபோது நீங்கள் பேனாவைக்கூடத் தட்டாமல் காத்திருந்தீர்கள், அண்ணா. அதனால்தான் எனக்கு விடை நினைவுக்கு வந்தது" என்றார். நான் செய்த வேலையில் நானே கவனிக்காத ஒன்றை அவர் கவனித்திருந்தார். பிறகு அவருக்காக மூன்று பருவத் தேர்வு எழுதினேன்.

நன்றி சொல்வதானால் இப்படிச் சொல்ல வேண்டும். "உங்கள் சேவைக்கு நன்றி" என்ற வாக்கியத்தை எவருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம்; பேனாவைத் தட்டாமல் காத்திருந்ததற்கான நன்றி எனக்கு மட்டுமே உரியது.

2 பிப்ரவரி 2025, மதியம்

நேற்றிரவு அந்தக் கல்லூரிப் பெண் குழியைக் கண்டுபிடித்தாள். கோலை அவளிடம் கொடுக்க வேண்டும் என்று பெரியவர் சொன்னபோது நான் சற்றுத் தயங்கினேன். மூன்றாவது நடையிலேயே கோல் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை. பெரியவர் கேட்கவில்லை. அவள் ஏறத்தாழ இருபது நிமிடம் ஊன்றிப் பார்த்தாள். இருமுறை "இல்லை" என்று எழுந்துவிட்டாள். மூன்றாவது இடத்தில் கோல் இறங்கியதும் அவள் மூச்சு நின்றது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. 118 முட்டை. 14ஆம் எண் குழி. அவளே எண்ணினாள், அவளே பலகை எழுதினாள்.

புதியவரை நம்பி முக்கியமான வேலையைக் கொடுப்பதை விடப் பெரிய மரியாதை எங்கள் கரையில் இல்லை. பெரியவர் அருகிலேயே குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பழகாத கையில் கோலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டால், உடைந்த முட்டையின் பழியைப் புதியவர் ஆயுள் முழுவதும் சுமப்பார்.

16 பிப்ரவரி 2025

படிப்பகம் நடத்துபவர் பதில் எழுதியிருக்கிறார். 23 பேரில் 6 பேருக்குத்தான் நிலையான வேலை இருந்ததாம்; மற்றவர்களை "தேவைப்படும்போது கூப்பிடுகிறோம்" என்று உட்கார வைத்திருந்தார்களாம். இதை ஒளிக்காமல் எழுதியதற்காக அவரை மதிக்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளம் நினைவுக்கு வருகிறது. அடையாறு கரைபுரண்ட அந்த வாரத்தில் நகரமெங்கும் உதவ வந்தவர்களுக்குக் குறைவே இல்லை. நான் ஒரு நிவாரண முகாமில் மூன்று நாள் பழைய துணிகளைப் பிரித்து அடுக்கினேன்: ஆண்களுக்கு, பெண்களுக்கு, குழந்தைகளுக்கு. ஒவ்வொரு மாலையும் பதாகையின் முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். நான்காம் நாள் போனபோது, நாங்கள் அடுக்கிய மூட்டைகள் லாரி ஏறாமல், பந்தலுக்கு வெளியே நனைந்து கிடந்தன. ஏன் என்று கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அவர்கள்மீது இன்று கோபம் இல்லை. அந்தக் குழப்பத்தில் லாரி கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால், "லாரி கிடைக்கவில்லை, துணிகள் போகவில்லை" என்று ஒருவர் எங்களை உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நான் ஐந்தாம் நாளும் போயிருப்பேன்.

அங்கிருந்து ஒரு மாநகராட்சிப் பள்ளிச் சமையலுக்குப் போனேன். அண்டா கழுவும் வேலை. முதல் பந்தி முடிந்ததும், சமைத்த அக்கா என்னைக் கூப்பிட்டு, "இத்தனை பேர் சாப்பிட்டாங்க, பாரு" என்று அடியில் ஒரு பருக்கையும் இல்லாத அண்டாவைக் காட்டினார். அங்கே எட்டு நாள் இருந்தேன்.

23 மார்ச் 2025, இரவு

இன்று எழுத வேண்டியது என் தவறு. 14ஆம் எண் குழி 20ஆம் தேதி மாலை பொரிந்துவிட்டது. கூடை நிறையக் குஞ்சுகள். அலைவாய்க்குச் சில அடி முன்னால் விட்டோம். பத்து நிமிடத்தில் எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. நான் அங்கே இருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பவில்லை. தேர்வுக் காலம் என்பதால் அவள் இரண்டு வாரமாக வரவில்லை. குழியைக் கண்டவள் அவள் என்பது எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை. இன்று காலை அவளே, "அண்ணா, 50 நாள் ஆகிவிட்டதே, 14 எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூன்று மாதமாக இங்கே நான் வலியுறுத்திய ஒன்றை நானே செய்யத் தவறினேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு நேற்றைய கணக்கைச் சொன்னேன். குஞ்சுகள் போனபின் குழியைத் தோண்டி, பொரியாத முட்டைகளை எண்ணுவது வழக்கம். 118இல் 101 பொரிந்திருந்தன. அவள் உடனே, "மிச்சம் 17 ஏன் பொரியவில்லை?" என்றாள். சிலவற்றில் கரு தொடங்கவே இல்லை, சிலவற்றில் பாதியில் நின்றிருந்தது என்று விளக்கினேன். பொரிந்தவை பெண்ணா ஆணா என்றும் கேட்டாள். அதை மணலின் வெப்பம் தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் பெண் மிகும், குறைந்தால் ஆண் மிகும். குஞ்சை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். வெகுநேரம் பேசினோம். அவளுக்குக் குறை ஏதும் இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் பொரிந்த மாலையில் அவள் அங்கே இருந்திருக்கலாம். அரை மணிப் பயணத்தொலைவில்தான் விடுதி. அதை இனி ஈடுசெய்ய முடியாது.

நினைவை நம்பியதுதான் பிழை. இன்றே பொரிப்பகப் பதிவேட்டில் "கண்டவர்", "தொலைபேசி", "சொல்லியாயிற்றா" என்று மூன்று கட்டங்கள் சேர்த்தேன். அன்புக்குப் பதிவேடு தேவையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு பருவத்தில் நூறு பேர் வந்துபோகும் இடத்தில் தேவைதான். எங்கள் பெரியவர் பதிவேடு இல்லாமலே எல்லோரையும் நினைவில் வைத்திருந்தார். அவருக்கு இப்போது 74 வயது.

6 ஏப்ரல் 2025

பொறுப்பாளர்களைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை. தன்னார்வலரை யார் பாராட்டுவது என்று எல்லோரும் கேட்கிறோம்; பாராட்ட வேண்டிய அந்த ஒருவரும் ஊதியமில்லாமல் உழைப்பவர்தான். எங்கள் ஒருங்கிணைப்பாளர் இந்தப் பருவத்தில் 70 இரவுக்கு மேல் கரையில் இருந்திருக்கிறார். அவர் புதியவர்களிடம் எரிந்து விழுவதாகப் பிப்ரவரியில் இருவர் என்னிடம் குறைப்பட்டார்கள். விசாரித்தால், மூன்று வாரமாக அவர் ஓரிரவுகூட முழுதாகத் தூங்கவில்லை. ஆளுக்கு இரண்டு இரவு என்று பங்கிட்டுக்கொண்டோம். குறை சொன்ன இருவரும்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை மாலைகளில் குஞ்சு விடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. கயிறு கட்டிக் கூட்டத்தை ஒதுக்கி, கைபேசி வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிக் கொண்டே நிற்பதும் தன்னார்வலர் வேலைதான். வெளிச்சம் இருந்தால் குஞ்சுகள் கடலை விட்டு அதை நோக்கித் திரும்பிவிடும். கயிற்றைப் பிடித்து நிற்பவர் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால்தான் குஞ்சுகள் போகின்றன. அந்த வேலையை ஒரே ஆளுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து தரக் கூடாது என்று இந்த ஆண்டு விதி வைத்தோம். நேற்று கயிற்றிலிருந்து விடுபட்ட பையன் அலையோரம் குப்புறப் படுத்துக்கொண்டு, கடைசிக் குஞ்சு போகும்வரை எழுந்திருக்கவில்லை.

7 ஏப்ரல் 2025

படிப்பகம் நடத்துபவருக்கு ஒரு வரி: உங்கள் பழைய தன்னார்வலர் 19 பேருக்கும், அவர்கள் சொல்லிக்கொடுத்த பிள்ளை இப்போது என்ன படிக்கிறது என்று மட்டும் எழுதிப் பாருங்கள். திரும்பி வாருங்கள் என்று அழைக்க வேண்டாம்.

11 மே 2025

பருவம் முடிந்தது. வேலியைப் பிரித்துவிட்டோம், பலகைகளைக் கழுவிக் காய வைத்திருக்கிறோம். பதிவேட்டில் "சொல்லியாயிற்றா" என்ற கட்டத்தை நேற்று உட்கார்ந்து நிரப்பினேன். படிப்பகத்திலிருந்தும் செய்தி வந்துள்ளது: 19 கடிதத்துக்கு 11 பதில். அவர்களில் 3 பேர் பிள்ளைகளைப் பார்க்க வருவதாகச் சொன்னார்களாம். மற்றவர்கள் ஊர் மாறிவிட்டார்கள், ஆனாலும் நீண்ட பதில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் பட்டியலில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பிப்ரவரி 15 இரவு 22ஆம் எண் குழியைக் கண்டவர் ஓர் இளைஞர். இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்வதாகச் சொன்னார், காலையில் வேலைக்குப் போக வேண்டும் என்று மூன்று மணிக்கே கிளம்பினார், அதன்பின் வரவில்லை. பதிவேட்டில் அவர் எழுதிய தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது. குப்பத்திலும் விசாரித்தோம், யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அவரோ, அவரை அறிந்தவரோ இதைப் படித்தால்: குழி ஏப்ரல் 4 மாலை பொரிந்தது. 97 முட்டை, 80 குஞ்சு. அலை சற்றுப் பெரிதாக இருந்ததால் முதலில் சில கரைக்கே திரும்பி வந்தன. பிறகு எல்லாம் போய்விட்டன.